விதையிலிருந்து அஸ்பாரகஸ்: கனடா வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

அஸ்பாரகஸ் என்பது மண்ணிலிருந்து வரும் குருத்தைக் கறியாகச் சாப்பிடும் செடி. மார்ச்சில் இதன் விதை போட்டால் அந்த வருடம் ஒன்றும் கிடைக்காது. அடுத்த வருடமும் கிடைக்காது. மூன்றாம் வருடம் மே மாதத்தில் இரண்டு வாரம் அறுக்கலாம், அதுவும் கையைக் கட்டுப்படுத்தித்தான். ஐந்தாம் வருடத்திலிருந்துதான் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடலாம். இதைக் கேட்டதும் "அப்ப எனக்கு வேண்டாம்" என்று தோன்றினால் தப்பே இல்லை. நர்சரிகளில் ஒரு வருடம் வளர்ந்த வேர்த்தூரைக் கட்டாகக் கட்டி ஏப்ரலில் விற்பார்கள். அதை வாங்கி நட்டால் ஒரு வருடம் மிச்சம்.

அப்புறம் ஏன் விதை? மூன்று காரணம் சொல்வேன். ஒன்று, பத்துத் தூர் வாங்கும் காசுக்கு நூறு விதை வாங்கலாம். இரண்டு, விலைக்கு வரும் தூரோடு வேரழுகல் பூஞ்சையும் சில சமயம் சேர்ந்தே வரும். விதையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மூன்றாவதுதான் முக்கியம்: அறுபது நாற்று வளர்த்து அதில் சிறந்த இருபதை மட்டும் நட முடியும். இந்தச் செடி ஒரே இடத்தில் 15, 20 வருடம் நிற்கப்போகிறது. பொறுக்கி எடுக்கும் வாய்ப்பு நர்சரிக் கட்டில் கிடையாது.

எங்கள் வீடு டொராண்டோவுக்குக் கிழக்கே, கொல்லை முழுக்கக் களிமண். 2016 மார்ச்சில் விதைத்து, அடுத்த வசந்தத்தில் பொறுக்கி நட்ட 22 தூர்களில் 19 இன்னும் இருக்கின்றன. போன மூன்றும் என் தப்பால் போனவை. கீழே வரும் கணக்கெல்லாம் தெற்கு ஒன்டாரியோ தட்பவெப்பத்துக்கு. இன்னும் குளிரான இடத்தில் இருப்பவர்கள் இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

செடி எப்படி வேலை செய்கிறது

வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிவது எதுவாக இருந்தாலும் உயிர் கீழே கட்டையில் இருக்கிறது. அஸ்பாரகஸும் அப்படித்தான். மண்ணுக்கடியில் ஒரு தூர். அதன் தலையில் மொட்டுகள், பக்கமெல்லாம் பென்சில் பருமனுக்குச் சதைப்பற்றான வேர்கள். வசந்தத்தில் மண் 10 டிகிரியைத் தொட்டதும் மொட்டுகள் குருத்தாக மேலே வரும். நாம் சாப்பிடுவது அந்தக் குருத்தை. அறுக்காமல் விட்டால் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, சவுக்குத் தழை மாதிரி மெல்லிய பச்சையாக விரிந்துவிடும். அது பார்க்கத்தான் இலை. உண்மையில் எல்லாம் நுண்ணிய தண்டுகள். நிஜ இலை என்பது குருத்தின் பக்கவாட்டில் முக்கோணமாக ஒட்டியிருக்கும் செதில்தான்.

அந்தத் தழை கோடை முழுக்க வெயிலில் நின்று சர்க்கரை தயாரித்து வேருக்கு அனுப்புகிறது. அடுத்த மே மாதம் வரும் குருத்து, போன ஆகஸ்டின் சம்பாத்தியம். வேர்தான் குதிர், தழைதான் அதை நிரப்புகிறது. முதல் இரண்டு வருடம் ஏன் அறுக்கக் கூடாது, ஜூன் கடைசியில் ஏன் நிறுத்த வேண்டும், பச்சைத் தழையை ஏன் வெட்டக் கூடாது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது.

நம்மூர் வேலியோரத்தில் படரும் தண்ணீர்விட்டான் கிழங்கு இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி, இரண்டும் ஒரே பேரினம். அங்கே கிழங்கை எடுக்கிறோம், இங்கே குருத்தை எடுக்கிறோம்.

எந்த விதை வாங்குவது

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடி பூத்துக் காய்த்துச் சிவப்புப் பழம் பழுக்கும். அதற்கே பாதி சத்து போய்விடும். அதனால் பெண்ணில் குருத்துகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பருமன் அதிகம். ஆணில் குருத்துகள் அதிகம், ஆயுளும் கூட. இதனால்தான் ஆண் செடி மட்டுமே தரும் கலப்பின விதைகள் வந்தன.

கனடாவில் இருந்தால் 'குவெல்ஃப் மில்லேனியம்' நல்ல தேர்வு. ஒன்டாரியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான ஆண் ரகம், கடுங்குளிரைத் தாங்கும். அதே மாகாணத்தில் ஏரிக்கரையோர நார்ஃபோக் பகுதியில் ஒரு காலத்தில் புகையிலை விளைந்த மணல் நிலங்களில் இன்று அஸ்பாரகஸ் விளைகிறது. அங்கே அதிகம் நிற்பவற்றில் இதுவும் ஒன்று. அமெரிக்கப் பக்கம் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தந்த 'ஜெர்சி' வரிசை ரகங்களும் உண்டு. இந்த விதைகள் விலை அதிகம்.

பழைய ரகம் 'மேரி வாஷிங்டன்'. 1896 வாக்கில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் துரு நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அப்போது அந்நாட்டு வேளாண் துறையின் நார்ட்டன் என்பவர் மசாசூசெட்ஸில் கன்கார்ட் ஊரில் உட்கார்ந்து, துருவைத் தாங்கும் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து உருவாக்கியது இது. ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி வரும். விதை மலிவு, எங்கும் கிடைக்கும், நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இருப்பது இதுதான். முதல் முறை வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ள மலிவான விதை நல்லது.

ஊதா ரகங்களும் இருக்கின்றன. பச்சையாகக் கடித்தால் இனிப்பு, வேகவைத்தால் பச்சையாகிவிடும். அழகுக்காக வாங்கி ஏமாறாதீர்கள்.

எத்தனை செடி? ஒரு ஆளுக்கு எட்டிலிருந்து பத்து. நன்றாக வளர்ந்த தூர் ஒன்று ஒரு சீசனுக்குச் சுமார் 150 முதல் 250 கிராம் தரும். நடப்போவதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விதை போடுங்கள்.

மார்ச்: விதைப்பு

விதை மிளகைவிடச் சற்றுச் சிறியது, கறுப்பு, ஒரு பக்கம் முனை மழுங்கியிருக்கும். தோல் கெட்டி. வெதுவெதுப்பான தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும்.

முளைப்பதற்கு வேண்டியது சூடு. இங்கேதான் முதல் தடவை கோட்டை விட்டேன். சன்னல் ஓரத்தில் தட்டை வைத்தேன். மார்ச் மாதச் சன்னல் ஓரம் இரவில் 14, 15 டிகிரிக்கு இறங்கிவிடும். மூன்று வாரம் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. விதை சொத்தை என்று முடிவு கட்டி, தட்டைக் கொண்டுபோய்க் கம்போஸ்ட் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஜூன் மாதம் தொட்டியின் ஓரத்தில் பச்சை நூல் நூலாக ஏதோ நிற்கிறது என்று பார்த்தால், அத்தனையும் அஸ்பாரகஸ்!

கணக்கு இதுதான். மண்ணின் சூடு 10 டிகிரி என்றால் முளைக்க 50 நாளுக்கு மேல் ஆகும். 15 டிகிரியில் 24 நாள், 20-இல் 15 நாள், 25-இல் 10 நாள். 35-க்கு ஏற்றினால் மறுபடியும் 20 நாள் ஆகிவிடும். ஆக 25 பக்கம் வைத்தால் சரி. விதைத் தட்டுக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜின் மேலே, மாவு புளிக்க எங்கே வைப்பீர்களோ அங்கே வையுங்கள். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை.

பாத்திரம் ஆழமாக இருக்க வேண்டும். வேர் நேரே கீழே இறங்கும். ஆழமில்லாத தட்டில் போட்டால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, பிரிக்கும்போது அறுந்துவிடும். நான் டிம் ஹார்ட்டன்ஸ் பெரிய காபி கப்புகளைக் குளிர்காலம் முழுக்கச் சேர்த்து வைப்பேன். அடியில் நாலு ஓட்டை. உள்ளே மெழுகுத்தாள் மாதிரி பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் மூன்று மாதம் தாங்கும். நடும்போது கிழித்து எடுத்துவிட வேண்டும்.

தோட்டத்து மண் வேண்டாம். நாற்றுக்கென்று விற்கும் லேசான கலவையை நனைத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரும் பதத்துக்குக் கொண்டுவந்து, கப்பை நிரப்பி, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் கப்புக்கு ஒரு விதை. பழைய விதை என்றால் இரண்டு. மேலே பிளாஸ்டிக் மூடி. முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள்.

எப்போது விதைப்பது? வெளியே நடும் நாளிலிருந்து 10, 12 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். இங்கே தோட்டக்காரர்களின் வாய்க்கணக்கு விக்டோரியா டே, அதாவது மே 25-க்கு முந்தைய திங்கள். அதன் பிறகுதான் பனி பயமில்லாமல் நடுவார்கள். ஆக மார்ச் முதல் இரண்டு வாரம்.

நாற்று: பச்சை நூல்

முதலில் வருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு விதையிலை விரியும் என்று காத்திருக்காதீர்கள். விதையும் விதையிலையும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே வருவது ஒற்றை நூல். ஒரு வாரத்தில் 8, 10 சென்டிமீட்டர் வளர்ந்து, தலையில் குட்டிச் சவுக்குத் தழை விரிக்கும். ஒரு மாதம் கழித்து அதன் பக்கத்திலேயே இன்னொன்று, முதலாவதைவிடக் கொஞ்சம் பருமனாக வரும். அப்புறம் மூன்றாவது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தடித்து வந்தால் கீழே தூர் கட்டுகிறது என்று அர்த்தம். நான் பார்க்கும் ஒரே அடையாளம் இதுதான், உயரத்தைப் பார்ப்பதில்லை.

முளைத்ததும் வெளிச்சம். எல்ஈடி ட்யூப் லைட்டை நாற்றின் தலைக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14, 16 மணி நேரம் எரியவிடுங்கள். இனி சூடு அவ்வளவு வேண்டாம், அறையின் 18 முதல் 21 டிகிரி போதும். தண்ணீரைக் கப்பின் அடித்தட்டில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள், அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேலே மண் எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகல் வரும். காலையில் நிமிர்ந்து நின்றது சாயங்காலம் அடியில் கருத்துப்போய் விழுந்து கிடக்கும், காப்பாற்ற முடியாது. நாலு வாரத்துக்குப் பிறகு திரவ உரம், பாக்கெட்டில் போட்ட அளவில் பாதி, பத்து நாளுக்கு ஒரு தடவை.

மே நடுவில் வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்தாம் நாள் இரவும் வெளியே. இதை அவசரப்படுத்தினால் தழை வெளுத்துவிடும்.

ஜூன்: நாற்றங்கால்

நேரே நிரந்தரப் பாத்தியில் நடுபவர்கள் உண்டு. நான் முதல் வருடம் நாற்றங்காலில்தான் வைப்பேன். நாற்று அவ்வளவு சின்னது, பெரிய பாத்தியில் களைக்குள் தொலைந்துவிடும். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் போதும். 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, கப்பில் இருந்ததைவிட 3, 4 சென்டிமீட்டர் ஆழமாக.

இங்கே ஒரு எச்சரிக்கை: பெயர் எழுதிக் குச்சி நடுங்கள். நாற்றங்காலில் வைத்த அந்தக் கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் காபியோடு வெளியே போனால், அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு குட்டிக் கும்பல் குவித்திருக்கிறார்.

"என்னடா இது, பாத்தி பூரா கோரை முளைச்சிருக்கு. நீ பாக்கவே இல்லையா?"

பதினொன்று போயிருந்தது. கும்பலிலிருந்து எடுத்து மறுபடி நட்டதில் நாலு பிழைத்தது. கும்பலைக் காட்டி இதுதான் கடையில் கட்டுக் கட்டாக விற்பது என்றேன். அம்மா நம்பவில்லை. "இதுவா கறி? சவுக்கங்கன்னு மாதிரி இருக்கு."

முதல் கோடையில் செடி முழங்கால் உயரம் வந்தால் நல்ல வளர்ச்சி. சில செடிகள் அப்போதே பூக்கும், பெரும்பாலானவை அடுத்த வருடம்தான். பூ ஒரு அரிசி நீளம்தான், வெளிர்மஞ்சள் மணி. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஆண் பூ நீண்டு, உள்ளே ஆறு மகரந்தத் தண்டு மஞ்சளாகத் தெரியும். பெண் பூ குட்டையாக, நடுவில் மூன்றாகப் பிரிந்த சூல்முனையோடு இருக்கும்.

இரண்டாம் வசந்தம்: நிரந்தரப் பாத்தி

இடம் தேர்வுதான் இந்த வழிகாட்டியிலேயே பெரிய முடிவு, ஏனென்றால் இருபது வருடத்துக்கு மாற்ற முடியாது. குறைந்தது ஆறு மணி நேர வெயில். தோட்டத்தின் வடக்கு ஓரம் நல்லது. ஆள் உயரத் தழை தக்காளிக்கும் கத்தரிக்கும் நிழல் விழவைக்காது. தண்ணீர் தேங்கவே கூடாது. ஏப்ரலில் பனி உருகும்போது கொல்லையைச் சுற்றிப் பாருங்கள், எங்கே குட்டை நிற்கிறதோ அங்கே வேண்டாம். எனக்குப் போன மூன்று தூர்களும் அப்படிப் பள்ளமாக இருந்த மூலையில் அழுகியவை. வேறு இடமே இல்லை என்றால் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். முன்பு அஸ்பாரகஸ் இருந்து வீணான இடத்திலும் நடாதீர்கள், அழுகல் பூஞ்சை அந்த மண்ணில் பல வருடம் கிடக்கும்.

மண்ணின் பிஎச் (புளிப்பு-கார அளவு) 6.5-இலிருந்து 7.5-க்குள் இருக்க வேண்டும். தெற்கு ஒன்டாரியோ மண்ணில் பொதுவாகச் சுண்ணாம்பு போட வேண்டிவராது. நடுவதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே பாத்தியைக் கொத்தி, புல் வேரை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டவர்கள் பத்து வருடம் புல்லோடு மல்லுக்கட்டுவார்கள்.

ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம், மொட்டு பருக்கத் தொடங்கும் முன் நாற்றங்காலிலிருந்து கவையால் நெம்பித் தூர்களை எடுங்கள். எல்லாவற்றையும் ஈரச் சாக்கில் பரப்பிவைத்துப் பாருங்கள். வேர் பத்துக்கு மேல், மொட்டு குண்டாக நாலைந்து என்று இருப்பவை முதல் தரம். நூல் வேரோடு நோஞ்சானாக இருப்பவற்றைத் தூக்கிப்போடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம், அது கடைசி வரை நோஞ்சான்தான்.

பழைய முறையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டச் சொல்வார்கள். அவ்வளவு வேண்டாம். 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும், களிமண்ணில் 15. ஆழம் கூடினால் குருத்து குறைவாகவும் பருமனாகவும் தாமதமாகவும் வரும், ஆழம் குறைந்தால் அதற்கு நேர்மாறு. பள்ளத்தின் அகலம் மண்வெட்டி ஒன்றரை. அடியில் ஒரு கை எலும்புத்தூள், மேலே 5 சென்டிமீட்டர் மக்கிய உரம், அதன்மேல் மண்ணை நீளவாக்கில் சின்ன வரப்பாகக் குவியுங்கள். எலும்புத்தூளை இப்போதே போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அதிலுள்ள பாஸ்பரஸ் மண்ணில் நகராது, பிறகு மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேராது.

தூரை அந்த வரப்பின்மேல், மொட்டு மேலே பார்க்க உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள், குதிரையில் ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி. தூருக்குத் தூர் 40 சென்டிமீட்டர். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. 5 சென்டிமீட்டர் மண் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். குருத்து வளர வளரப் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஆகஸ்டில் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் சரி. ஒரே நாளில் நிரப்பினால் இளம் குருத்து மூச்சுத் திணறும்.

அந்த வருடம் குருத்து சாப்பிடும் பருமனில்கூட வரும். தொடாதீர்கள். நான் தொட்டேன். "நாலே நாலுதானே" என்று இரண்டு தூரில் அறுத்தேன். பக்கத்துத் தூர்கள் மார்பு உயரம் போனபோது அவை இடுப்பைத் தாண்டவில்லை, அடுத்த வருடமும் வைக்கோல் பருமனில்தான் குருத்து வந்தது.

களை, தண்ணீர், உரம்

களைதான் முழுநேர வேலை. வேர்களில் பல மேலாகவே பரவியிருப்பதால் ஆழக் கொத்த முடியாது, கையால்தான் பிடுங்க வேண்டும். ஏப்ரலில் ஒரு தடவை சுத்தமாக எடுத்துவிட்டு, 8, 10 சென்டிமீட்டருக்கு வைக்கோல் அல்லது பொடித்த மேப்பிள் இலை மூடாக்குப் போட்டால் பாதி வேலை குறையும். இலை இங்கே இலவசம். அக்டோபரில் தெருவோரம் மூட்டை மூட்டையாகக் கட்டி வைப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

அஸ்பாரகஸ் உப்பைத் தாங்கும் என்பதால் அந்தக் காலத்தில் பாத்தியில் உப்புத் தூவிக் களையைக் கொன்றார்கள். இன்னும் அந்த யோசனையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். களிமண்ணில் உப்புப் போட்டால் மண் இறுகிப்போகும், பக்கத்துப் பாத்தியும் கெடும். வேண்டாம்.

தண்ணீர் முதல் இரண்டு வருடம் வாரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமமாக. அப்புறம் ஆழமாக வேர் போய்விடும், கடும் வறட்சியில் மட்டும் விட்டால் போதும். உரம் வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்த அன்று ஒரு தடவை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள், தழை கட்டுவதற்கு அப்போதுதான் தேவை.

வண்டு

மே இரண்டாம் வாரம், குருத்தின் பக்கவாட்டில் கறுப்புக் குண்டூசி குத்தியது மாதிரி வரிசையாக ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். அதுதான் அஸ்பாரகஸ் வண்டின் முட்டை. விரலால் வழித்தால் போய்விடும். வண்டு கறுப்பு, முதுகில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், கழுத்து சிவப்பு. இன்னொரு வகை ஆரஞ்சு நிறத்தில் 12 கறுப்புப் புள்ளியோடு இருக்கும். அது பெரும்பாலும் பழத்தைத்தான் தின்னும், அவ்வளவு ஆபத்தில்லை. முதல் வகையின் புழு சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று தழையை மொட்டையடித்துவிடும்.

காலையில் குளிர் இருக்கும்போது போங்கள், அப்போது மந்தமாக இருக்கும். ஒரு தந்திரம் உண்டு: ஆள் வருவது தெரிந்தால் வண்டு தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும் அல்லது கீழே விழுந்துவிடும். சோப்புத் தண்ணீர் டப்பாவை அடியில் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினால் தானே உள்ளே விழும். இருபது செடிக்குப் பத்து நிமிடம். மருந்து அடிக்கும் அளவுக்கு எனக்கு ஒரு வருடமும் வந்ததில்லை.

துரு நோய் வந்தால் தண்டில் செங்கல்பொடி தூவியது மாதிரி இருக்கும். காற்றோட்டமாக நட்டு, தழையை நனைக்காமல் வேரில் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் வராது.

அறுவடை

மூன்றாம் வருடம் இரண்டு வாரம். நாலாம் வருடம் நாலு வாரம். ஐந்திலிருந்து ஆறு முதல் எட்டு வாரம். காலண்டரைவிடக் குருத்தை நம்புங்கள்: வருவதில் பெரும்பாதி பென்சிலைவிட மெலிந்துவிட்டால் அன்றோடு கத்தியைக் கீழே வையுங்கள். ஜெர்மனியில் ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஒன்டாரியோவுக்கும் கிட்டத்தட்ட அதே நாள் பொருந்துகிறது. அவர்கள் விரும்புவது வெள்ளைக் குருத்து. அது வேறு ரகம் அல்ல, குருத்தின்மேல் மண்ணைக் குவித்து வெயில் படாமல் வளர்ப்பது, அவ்வளவுதான். படும் பாட்டுக்கு ஏற்ற சுவை அதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில், தலை இறுக மூடியிருக்கும்போதே தரையோடு ஒடித்துவிடுங்கள். கத்தியை மண்ணுக்குள் விட்டால் பக்கத்து மொட்டு வெட்டுப்படும். வெயில் நாட்களில் காலையில் விரல் நீளம் இருந்தது மறுநாள் சாயங்காலம் தலை விரித்து நிற்கும், ஆகவே தினமும் போய்ப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் திடீர்ப் பனி விழுந்து குருத்து துவண்டுவிட்டால் ஒடித்து எறியுங்கள், புதிது வரும்.

அறுத்த நிமிடத்திலிருந்து இனிப்பு குறையத் தொடங்கும். அன்றே சமைக்க முடியாவிட்டால் கறிவேப்பிலைக் கொத்தை டம்ளரில் வைப்பதுபோல அடி நனையத் தண்ணீரில் நிறுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எங்கள் வீட்டில் பொரியல்தான்: கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்து, ஒரு அங்குலத் துண்டுகளைப் போட்டு நாலு நிமிடம், இறக்கும்போது தேங்காய்த் துருவல். மூடி போட்டால் நிறம் போய்விடும். சாப்பிட்ட பிறகு சிறுநீரில் ஒரு வாடை வரும், பயப்படாதீர்கள். அஸ்பாரகஸில் உள்ள ஒரு கந்தகப் பொருளின் வேலை அது. சிலருக்கு அந்த வாடை தெரியவே தெரியாது.

குளிருக்கு முன்

தழை முழுக்க வைக்கோல் நிறமாகும் வரை வெட்டக் கூடாது. இங்கே நவம்பர் ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு வழி. வண்டு அதிகமாக இருந்த வருடம் என்றால் நவம்பரிலேயே வெட்டி அப்புறப்படுத்துங்கள், காய்ந்த தண்டுக்குள் ஒளிந்துதான் அது குளிரைக் கழிக்கும். வண்டு இல்லையென்றால் அப்படியே விடுங்கள். தழை பனியைப் பிடித்து நிறுத்தித் தூருக்குப் போர்வையாகும், மார்ச் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

ஊரில் வளருமா

கேட்காத உறவினர் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதே முறைதான். சமவெளியில் சிக்கல், செடிக்கு ஓய்வு கிடைக்காது. குளிரில்லாத பெருவின் பாலைவனக் கரையில் தண்ணீரை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறார்கள். தாய்லாந்து, தைவானில் தூருக்கு நாலைந்து தண்டைத் தழைக்க விட்டுவிட்டு, பிறகு வருவதை மட்டும் தொடர்ந்து அறுக்கிறார்கள். முயன்று பார்க்க நினைத்தால் இந்தத் தாய்த்தண்டு முறையும், கலிஃபோர்னியாவில் உருவான 'யூசி 157' ரகமும் பொருத்தம். குருத்து மெலிதாகத்தான் வரும்.

சொந்த விதை

மேரி வாஷிங்டன் போன்ற ரகத்தில் செப்டம்பர் வாக்கில் பெண் செடி முழுக்கச் சிவப்பு மணியாக நிற்கும். குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள், அந்தப் பழம் நஞ்சு. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கீழே விழ விட்டாலும் அடுத்த வருடம் பாத்தி முழுக்கச் சொந்த நாற்றே களையாகிவிடும்.

தழை மஞ்சளாகும் சமயத்தில், தடித்த குருத்து தரும் தாய்ச்செடியில் மட்டும் பழத்தைப் பறியுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசைந்தால் தோல் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். ஒரு பழத்தில் ஆறு விதை வரை இருக்கும். இரண்டு, மூன்று தடவை அலசி, செய்தித்தாளில் பரப்பி, வெயில் படாமல் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். மூன்று வருடம் வரை நன்றாக முளைக்கும், அதனால் உறையின்மேல் வருடத்தை எழுதிவிடுங்கள். பெயரையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை அது மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, ரசம் வைக்கும் நேரத்தில்.